ஒன்பது மொழிகளில் ஓராயிரம்

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை நடக்கும். போன வருடம் அங்கே ஒரு நோட்டு வாங்கினேன். 1902 தேதியிட்ட 1000 குரோனன், ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பணம். "இல்லாத நாட்டோட செல்லாத காசு, முப்பது வெள்ளி கொடு போதும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார் கடைக்காரர்.

மறுநாள் அலுவலகத்தில் காட்டினேன். எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் அண்ணன் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்த்தியா தம்பி, ஒரு நோட்டுல எத்தனை மொழி! அதான் நாடு உருப்படாமப் போச்சு" என்றார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 'ஒரு நாட்டுக்கு எதுக்கு இத்தனை மொழி' என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அந்த நாடு ஏன் உடைந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு சில மாதங்கள் அதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பக்கம் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அதே பக்கத்தில் செக், போலிஷ், உக்ரேனியம், இத்தாலியம், ஸ்லொவேனியம், குரோவேஷியம், செர்பியம், ருமேனியம் என்று இன்னும் எட்டு மொழிகளில் 'ஆயிரம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருப்பினால் ஹங்கேரிய மொழி மட்டும்தான். ஹங்கேரிக்குள் வாழ்ந்த ஸ்லோவாக் மக்களின் மொழி இரண்டு பக்கத்திலும் இல்லை.

அந்த நாட்டின் அமைப்பும் இப்படித்தான் இருந்தது. 1866இல் கோனிக்ராட்ஸ் போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு, பேரரசர் பிரான்ஸ் யோசப் ஹங்கேரியப் பிரபுக்களோடு சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது. 1867 உடன்படிக்கையால் பேரரசு இரண்டானது. மன்னர் ஒருவர், பாராளுமன்றம் இரண்டு. வெளியுறவு, படை, அவற்றுக்கான நிதி ஆகிய மூன்று மட்டும் பொது. பொருளாதார ஏற்பாடுகளைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பேசிப் புதுப்பிக்க வேண்டும். அதாவது பத்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் சண்டை போட்டாக வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுப் பழகிய எங்களுக்கு அந்த வேதனை புரியும்.

1910 கணக்கெடுப்பின்படி பேரரசில் சுமார் 51 மில்லியன் பேர். ஜெர்மன் பேசியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை, ஹங்கேரிய மொழி பேசியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு சிறுபான்மைகள் சேர்ந்து ஒரு பெரும்பான்மையை ஆண்டன. ஆனால் ஆண்ட விதம் வேறு வேறு.

ஆஸ்திரியப் பக்கம் 1867 அடிப்படைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, எல்லா இனங்களுக்கும் சம உரிமை என்றது. பள்ளியிலும் அலுவலகத்திலும் அவரவர் மொழிக்கு இடம் என்றது. வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. நடந்து போகும் தூரத்துக்குள் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் பள்ளி கேட்கலாம், மறுத்தால் வழக்குப் போடலாம். (40 பிள்ளைகள் என்று வாசித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துப் பள்ளிகள்தான் ஞாபகம் வந்தன.) 1907இல் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமையும் வந்துவிட்டது.

ஹங்கேரிப் பக்கம் வேறு கதை. குரோவேஷியாவையும் சேர்த்தால் அங்கே ஹங்கேரிய மொழி பேசியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் குரோவேஷியாவுக்கு வெளியே அரசின் மொழி அது ஒன்றே. வாக்குரிமை சிலருக்கு மட்டும். 1907இல் கல்வி அமைச்சர் அப்போன்யி கொண்டுவந்த சட்டம் மற்ற மொழிப் பள்ளிகளின் கழுத்தை இறுக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் செர்னோவா என்ற ஸ்லோவாக் கிராமத்தில், தங்கள் பாதிரியார் இல்லாமல் தேவாலயத்தைத் திறக்கக்கூடாது என்று தடுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 15 பேர் இறந்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னால் என் கட்சி ஜெயித்துவிடும்: பல மொழி நல்லது, ஒரே மொழி கெட்டது, முடிந்தது கதை. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாகக் கையில் பிடிபடவில்லை.

ஆஸ்திரியப் பக்கத்திலும் தீ இருந்தது. 1897இல் பிரதமர் பதேனி ஒரு ஆணை போட்டார். பொஹேமியா, மொராவியா அதிகாரிகள் 1901க்குள் செக், ஜெர்மன் இரண்டும் கற்றிருக்க வேண்டும். படித்த செக்குகளுக்கு ஏற்கெனவே ஜெர்மன் தெரியும். செக் தெரிந்த ஜெர்மானியர்கள் குறைவு. வேலை போய்விடுமே என்று கொதித்தார்கள். வியன்னாப் பாராளுமன்றத்தில் ஓட்டோ லெஹர் என்ற உறுப்பினர் நேரத்தைக் கடத்துவதற்காகவே 12 மணி நேரம் பேசினார். அப்போது வியன்னாவில் தங்கியிருந்த மார்க் ட்வைன் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தெருவில் கலவரம் வெடித்தது. நவம்பரில் பதேனி வீட்டுக்குப் போனார்.

இன்னொரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1880 முதல் ஆஸ்திரியக் கணக்கெடுப்பில் 'அன்றாடம் பேசும் மொழி எது' என்று கேட்டார்கள். ஒன்றைத்தான் சொல்லலாம். இத்திஷ் மொழி பட்டியலிலேயே கிடையாது. ஆனால் பொஹேமியாவில் இரண்டு மொழியில் வாழ்ந்தவர்கள் ஏராளம். செக் குடும்பமும் ஜெர்மன் குடும்பமும் மற்ற மொழி பழகட்டும் என்று பிள்ளைகளைச் சில மாதங்கள் மாற்றி வளர்த்துக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. 'நீ எந்தப் பக்கம்' என்பதைவிட 'நாளைக்கு வேலை இருக்கா' என்பதுதான் அவர்கள் கேள்வி. உரிமை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றானதும், தேசியவாதிகள் தலை எண்ணக் கிளம்பினார்கள். 1880இல் இரண்டு தரப்பிலும் பள்ளிச் சங்கங்கள் தோன்றின. பிள்ளைகளுக்காக இழுபறி நடந்தது. உரிமை கொடுத்த அதே சட்டம் மனிதர்களை ஒரு கட்டத்துக்குள் நிற்கச் சொன்னது. நம் படிவங்களிலும் அந்தக் கட்டம் இருக்கிறது இல்லையா?

ஆனாலும் நாடு ஓடிக்கொண்டிருந்தது. படையைப் பாருங்கள். அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு ஒரு நல்ல புரோட்டோகால் மாதிரி எனக்குத் தெரிந்தது. கட்டளை மொழி ஜெர்மன், சுமார் 80 சொற்கள்தான்: 'நில்', 'சுடு' போன்றவை. அதற்கு மேலே நிர்வாகத்துக்கு இன்னொரு அடுக்கு. அதற்கும் மேலே படைப்பிரிவு மொழி: ஒரு படைப்பிரிவில் 20 சதவீதம் பேர் ஒரு மொழி பேசினால் அது அங்கே அதிகாரபூர்வம். அதிகாரி அதை மூன்று ஆண்டுகளுக்குள் கற்க வேண்டும். சிப்பாய் அதிகாரியின் மொழியைக் கற்பதில்லை, அதிகாரிதான் சிப்பாயின் மொழியைக் கற்கிறார்! இதை வாசித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த அமைப்பை முறித்தது போர். 1914 ஜூன் 28 சரயேவோவில் இளவரசர் கொல்லப்பட்டார். ஜூலை 28 செர்பியா மீது பேரரசே போர் அறிவித்தது. யாரும் தள்ளிவிடவில்லை, தானே குதித்தது. ஆஸ்திரியப் பாராளுமன்றம் அந்த மார்ச்சிலேயே மூடப்பட்டிருந்ததால் கேள்வி கேட்கவும் அங்கே ஆளில்லை. கலீசியாவிலும் செர்பியாவிலும் முதல் சில மாதங்களிலேயே படிந்து பழகிய அதிகாரிகள் செத்து விழுந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குச் சிப்பாய்களின் மொழி தெரியாது. புரோட்டோகால் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

அடுத்தது பசி. விளைநிலமான கலீசியா போர்க்களமாகிவிட்டது. கடல்வழி முற்றுகை. ஹங்கேரி தன் தானியத்தை முதலில் தனக்கென்று வைத்துக்கொண்டது. நோட்டின் இரண்டு பக்கமும் ஒரே தாள்தான், ஆனால் ரொட்டி ஒன்றல்ல. 1916 அக்டோபரில் பிரதமர் ஸ்டூர்க் உணவகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார், நவம்பரில் 68 ஆண்டுகள் ஆண்ட பிரான்ஸ் யோசப் இறந்தார். 1918 ஜனவரியில் மாவு ரேஷன் குறைந்ததும் வீனர் நோய்ஸ்டாட் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் பேரரசெங்கும் பரவியது. அந்த வசந்தத்தில், கூட்டாளியான ஜெர்மனிக்குத் தன்யூப் ஆற்றில் போய்க்கொண்டிருந்த தானியப் படகுகளையே வியன்னா பறித்தது. கூட்டாளியிடம் திருடித்தான் சோறு போட வேண்டிய நிலை.

மொழிச் சண்டை பிளவுகளை வரைந்து வைத்திருந்தது உண்மை. ஆனால் கோடு போட்டதாலேயே கண்ணாடி உடைவதில்லை, அழுத்தம் வேண்டும். சோறு போட முடியாத அரசுக்கு யார் விசுவாசமாக இருப்பார்கள்?

கடைசி நாட்கள் வேகமாக ஓடின. அக்டோபர் 16 பேரரசர் கார்ல் ஆஸ்திரியப் பக்கத்தைக் கூட்டாட்சியாக மாற்றுவதாக அறிவித்தார், ஹங்கேரிப் பக்கத்தைத் தொடவில்லை. 28 பிராக், 29 ஸாக்ரெப், 31 புடாபெஸ்ட் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. கடற்படையைத் தெற்கு ஸ்லாவியர்களிடம் ஒப்படைத்த மறுநாள், நவம்பர் 1 அதிகாலை, இரண்டு இத்தாலியர்கள் பொருத்திய வெடியால் முதன்மைக் கப்பல் மூழ்கியது. அதன் பெயர் 'விரிபுஸ் யுனிடிஸ்', பொருள் 'ஒன்றுபட்ட வலிமையோடு'. நவம்பர் 11 கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஒரே மொழி நாடுகள் பிறந்தனவா? இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் மூன்று மில்லியனுக்கும் அதிகமான ஜெர்மானியர்கள் இருந்தார்கள். 1920 திரியனோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அதுவரை பெரும்பான்மையாக இருந்தவர்கள் பல ஊர்களில் ஒரே இரவில் சிறுபான்மை ஆனார்கள். பிராக்கில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவல் மொழி செக் ஆனது. ஜெர்மன் அதிகாரிகள் பலர் வேலை இழந்தார்கள். செக் தெரிந்திருந்ததால் தப்பிய ஒருவர் பிரான்ஸ் காஃப்கா. நாம் வாசிக்கும் காஃப்கா ஜெர்மனில் எழுதினார், சம்பளத்தைக் காப்பாற்றியது செக்.

கடைசியாக மறுபடி நோட்டு. 1919 தொடக்கத்தில் புது நாடுகள் சில பழைய குரோனன் மீது தங்கள் முத்திரையைக் குத்தின. செக்கோஸ்லோவாக்கியா எல்லையையே மூடிவிட்டு வில்லை ஒட்டியது. என் நோட்டில் சிவப்பு மையில் 'டாய்ச்-ஓஸ்டெர்ரைஹ்' என்று இருக்கிறது: ஜெர்மன்-ஆஸ்திரியா. பிறகு பணவீக்கம் விழுங்கியது. 1925இல் புது ஷில்லிங் வந்தபோது 10,000 குரோனனுக்கு ஒரு ஷில்லிங். என் ஆயிரம் வெறும் 10 குரோஷன்.

இதையெல்லாம் அண்ணனிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப மொழிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேங்கிறியா?"

"இருக்குண்ணே. ஆனா இத்தனை மொழி இருந்ததால போகல. இருந்த மொழிய யார் எண்ணுனாங்க, எதுக்கு எண்ணுனாங்கன்னு பார்க்கணும்."

அவர் நோட்டை வாங்கி ஹங்கேரிப் பக்கத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரே மொழிதான், இல்லையா?" என்றார்.

"ஆமாண்ணே. அதுவும் சேர்ந்துதான் போச்சு."