பொத்தானை அழுத்திய பிறகு: சமூக வலைத்தளங்களில் சிறார் பாதுகாப்புப் புகார் முறை வளர்ந்த வரலாறு

சமூக வலைத்தளத்தில் தன்னிடம் தவறாகப் பேசும் ஒருவனைப் பற்றி ஒரு சிறுமி புகார் செய்கிறாள். அந்தப் புகார் யார் கைக்குப் போகிறது? அவளுக்கு என்ன பதில் வருகிறது? சிறார் பாதுகாப்புக் கருவிகளின் கால் நூற்றாண்டு வரலாற்றை இந்த இரு கேள்விகளை முன்வைத்தே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. முதல் கேள்விக்காக அரசுகளும் நிறுவனங்களும் வெளிப்படையாக மோதிக்கொண்டன, சட்டங்களும் பிறந்தன. இரண்டாவது கேள்வியும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்தது. ஆனால் அதை யாரும் கடைசிவரை கொண்டுசெல்லவில்லை.

புகார் வழிகள் சமூக வலைத்தளங்களுக்கு மூத்தவை. பிரிட்டனில் இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை 1996இல் தொடங்கியது. அமெரிக்காவில், காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறாருக்கான தேசிய மையம் 1998 மார்ச்சில் ‘சைபர் டிப்லைன்’ என்ற புகார் வாயிலைத் திறந்தது. சிறார் பாலியல் படங்கள் பற்றித் தெரியவந்தால் இணைய நிறுவனங்கள் தகவல் தர வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்ற மற்றொரு அமெரிக்கச் சட்டமும் 1998இல்தான் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து வலைத்தளங்கள் 13ஐக் குறைந்தபட்ச வயதாக அறிவித்தன. இதன் ஒரு விளைவு போதிய கவனம் பெறவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கிய 11 வயதுக் குழந்தைக்குத் தொல்லை நேர்ந்தால், புகார் செய்வதே தன் கணக்கைப் பறிகொடுக்கும் வழியாகிவிடலாம். பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வயதில்தான் வாயைத் திறக்கத் தயக்கமும் அதிகமாகிறது.

சமூக வலைத்தளங்கள் மீதான முதல் பெரிய நெருக்கடி அமெரிக்க மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களிடமிருந்து வந்தது. 2007இல் நியூயார்க்கின் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோவின் அலுவலக விசாரணையாளர்கள் ஃபேஸ்புக்கில் சிறார் போலக் கணக்குத் தொடங்கிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே பாலியல் அழைப்புகள் வந்தன. அவற்றைப் பற்றி அனுப்பிய புகார்களுக்குப் பதில் தாமதமாக வந்தது, அல்லது வரவே இல்லை. அக்டோபரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆபாசம், தொல்லை பற்றிய புகார்களை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கத் தொடங்குவதாகவும், எடுத்த நடவடிக்கையை 72 மணி நேரத்துக்குள் புகார் செய்தவருக்குத் தெரிவிப்பதாகவும் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான வாசகம் இந்த 72 மணி நேரம்தான். புகார் செய்தவருக்குப் பதில் பெறும் உரிமை உண்டு என்பதைக் காலக்கெடுவோடு எழுதிவைத்த உடன்பாடு அது.

2008 ஜனவரியில் 49 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்துடன் செய்த உடன்பாடு வேறு திசையில் போனது. அவர்களின் கவனம் அந்நிய ஆடவர்கள் மீதும் வயதுச் சரிபார்ப்பு மீதும் இருந்தது. அந்த உடன்பாட்டின் வழியே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்தில், ஜான் பால்ஃப்ரி தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அமைந்தது. ஓராண்டுக்குள் வெளிவந்த அதன் அறிக்கை அட்டர்னி ஜெனரல்கள் பலருக்கு உவப்பாக இல்லை. சிறார் இணையத்தில் அடிக்கடி சந்திக்கும் ஆபத்து சக வயதினரின் வம்பும் மிரட்டலும்தான் என்றும், எந்த ஒரு தொழில்நுட்பமும் தனியாக இதைத் தீர்க்காது என்றும் அது கூறியது. வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவனைப் பற்றிய புகாரும், முகம் தெரியாத ஐம்பது வயதுக்காரனைப் பற்றிய புகாரும் ஒரே பொத்தானுக்குள் அடங்குமா என்ற சிக்கல் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சிக்கல் முழு வடிவில் வெடித்தது பிரிட்டனில். சிறார் சுரண்டலைத் தடுக்கவும் இணையத்தில் அவர்களைக் காக்கவும் 2006 ஏப்ரலில் அங்கே தனிக் காவல் மையம் ஒன்று நிறுவப்பட்டது. சுருக்கமாக சீயோப். ஜிம் கேம்பிள் அதன் தலைவர். பிள்ளைகள் உரையாடும் இடத்திலேயே காவல்துறைக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்த ஆண்டே எம்எஸ்என் மெசஞ்சரின் பிரிட்டன் பதிப்பில் சீயோப்பின் புகார்ப் பொத்தான் இடம்பெற்றது. 2009 நவம்பரில் பெபோ என்ற வலைத்தளம் அதைச் சேர்த்துக்கொண்டது. சமூக வலைத்தளங்களில் அதுவே முதல். பொத்தானை அழுத்தினால் வரும் பக்கத்தில் காவல்துறைக்குச் செல்லும் வழியோடு, வம்பு, கணக்குத் திருட்டு போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும் இடங்களும் காட்டப்பட்டன.

ஃபேஸ்புக் மறுத்தது. தன் சொந்தப் புகார் முறையே மேலானது, இன்னொரு பொத்தான் பயனர்களைக் குழப்பும் என்பது அதன் வாதம். 2010 மார்ச்சில், போலிக் கணக்கால் 17 வயதுப் பெண் ஒருத்தியை ஃபேஸ்புக்கில் ஏமாற்றி வரவழைத்துக் கொன்ற குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தபோது பிரிட்டனே கொதித்தது. அதற்கடுத்த மாதம் ஃபேஸ்புக் தன் பாதுகாப்புப் பக்கத்தை விரிவாக்கியது; பொத்தானை மட்டும் ஏற்கவில்லை. ஜூலை 12 அன்று ஒரு சமரசம் பிறந்தது. ‘கிளிக்சீயோப்’ என்ற செயலியை விரும்புபவர் தம் பக்கத்தில் தாமே சேர்த்துக்கொள்ளலாம். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு அதைப் பற்றிய விளம்பரம் காட்டப்படும்.

இந்தச் சமரசத்தை வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆபத்து வரும் என்று முன்கூட்டியே நினைத்துச் செயலியைச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி விழிப்பு வந்துவிட்டது. எதையும் அறியாமல் பேச்சில் சிக்கிக்கொண்ட பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் பக்கத்தில் எதுவும் இருக்காது. ஆனால் ஃபேஸ்புக்கின் வாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தோழி போட்ட கேலிப் படத்துக்காகக் காவல்துறையின் கதவைத் தட்ட எந்தப் பிள்ளையும் தயங்கும். நிறுவனத்தால் கணக்கை நீக்க முடியும். நீக்கப்பட்டவன் வேறு பெயரில் மறுநாளே வந்துவிடலாம். காவல்துறையால் ஆளைத் தேடிப் பிடிக்க முடியும். வம்புக்கு அது மருந்தல்ல. இரண்டு வழிகளும் அருகருகே தேவைப்பட்டன. விவாதமோ இரண்டில் எது இருக்க வேண்டும் என்பதாகவே நடந்தது. சீயோப்பைப் பெரிய காவல் அமைப்பொன்றுடன் இணைக்கும் அரசின் முடிவை எதிர்த்து 2010 அக்டோபரில் கேம்பிள் பதவி விலகினார்.

இரண்டாவது கேள்வி ஐரோப்பிய அளவிலும் எழுந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் முன்னிலையில் 2009 பிப்ரவரியில் நிறுவனங்கள் கையெழுத்திட்ட பாதுகாப்புக் கோட்பாடுகளிலும் எளிய புகார் வசதி ஒரு கோட்பாடு. அடுத்த ஆண்டு ஆணையம் சோதித்தபோது, உதவி கேட்டு அனுப்பிய புகார்களுக்குப் பதில் தந்தவை மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்களே.

இதே காலத்தில் பிள்ளையின் புகாரை எதிர்பார்க்காத வேறொரு முறை உருவாகிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரியின் ஹானி ஃபரீதும் 2009இல் வடிவமைத்த ஃபோட்டோடிஎன்ஏ, ஒரு படத்தின் ஒளி வேறுபாடுகளை எண்வரிசையாக மாற்றி, ஏற்கெனவே அடையாளம் கண்ட குற்றப் படங்களின் எண்வரிசைகளோடு ஒப்பிடுகிறது. 2011இல் ஃபேஸ்புக் அதை ஏற்றது. 2023இல் சைபர் டிப்லைனுக்கு வந்த அறிக்கைகள் 3.62 கோடி, பெரும்பாலும் நிறுவனங்களே அனுப்பியவை. இந்த எண்ணைக் குழந்தைகளின் எண்ணிக்கையாகப் படிப்பது பிழை. ஒரே படம் ஆயிரம் கைகள் மாறினால் ஆயிரம் அறிக்கைகள் எழலாம். இன்னொன்று, ஏற்கெனவே பதிவான படத்தைத்தான் இந்தப் பொறி கண்டுபிடிக்கும். இன்றிரவு ஒரு பிள்ளையை மெல்ல மெல்லப் பேசி வசப்படுத்துபவனின் சொற்கள் அதன் வலையில் விழாது. அங்கே அந்தப் பிள்ளை சொன்னால்தான் உண்டு. 2023 டிசம்பரில் ஃபேஸ்புக் மெசஞ்சர் உரையாடல்கள் இயல்பாகவே, நிறுவனமும் படிக்க முடியாத குறியாக்கத்துக்குள் போகத் தொடங்கிய பிறகு இது இன்னும் உண்மை.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பதை நிறுவனத்துக்குள்ளிருந்தே ஆராய்ந்தவர் ஆர்த்துரோ பேஹார். 2009 முதல் 2015 வரை ஃபேஸ்புக்கில் பொறியியல் பொறுப்பில் இருந்தவர். நண்பர்கள் போட்டு, புகாருக்கு உள்ளான படங்களில் பெரும்பாலானவை விதிமீறல் அல்ல, அவை சம்பந்தப்பட்டவருக்குச் சங்கடம் தந்தவை என்பதை அவருடைய குழு கண்டது. ‘ரிப்போர்ட்’ என்றால் நண்பன் மாட்டிக்கொள்வான் என்று பதின்வயதினர் அஞ்சினர். அதனால் படம் போட்டவரிடமே நேரில் கேட்கவும், நம்பும் பெரியவருக்குத் தெரிவிக்கவும் 2011 முதல் வழிகள் அமைக்கப்பட்டன. அதே பேஹார் 2023 நவம்பரில் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் சாட்சி சொன்னார். இன்ஸ்டாகிராமின் உள்ளாய்வில், 13 முதல் 15 வயதுவரை உள்ளவர்களில் 13 விழுக்காட்டினர் முந்தைய ஏழு நாட்களில் விரும்பாத பாலியல் சீண்டல்களைச் சந்தித்ததாகக் கூறியிருந்தனர். அதைச் சொல்வதற்கு ஏற்ற எளிய பொத்தான்கூடப் பிள்ளைகளுக்கு இல்லை என்பது அவர் குறை. 2007இன் 72 மணி நேர வாக்குறுதிக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தியா இந்த வரலாற்றில் பயனர் புகாரின் வழியாக அல்ல, பொறி அனுப்பும் தகவலின் வழியாக நுழைந்தது. 2019இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், சைபர் டிப்லைனை நடத்தும் அமெரிக்க மையத்துடன் ஒப்பந்தம் செய்தது. 2023இல் மட்டும் இந்தியாவைச் சார்ந்த அறிக்கைகள் ஏறத்தாழ 89 லட்சம். அப்படி வந்த தகவலொன்று 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை எட்டி வழக்கானது. அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2024 செப்டம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அமெரிக்க மையத்துக்குத் தகவல் அனுப்பினால் போதாது, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்றது. முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்தியச் சட்டத்தில் இதுவரை எழுதப்படவில்லை.

பயனர்களின் புகாருக்கு 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வழி செய்தன. குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். விதிகள் வந்தபோது, 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றிருந்தது. அந்தரங்கப் படமானால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் எத்தனை புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும். புகார் செய்தவர்களில் எத்தனை பேர் 18 வயதுக்குட்பட்டவர்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பதில் போனது என்ற விவரத்தை அந்த விதி கேட்கவில்லை.