மாலைத்தீவின் கடலரண்

முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தி கூறும் பழந்தீவுகளை மாலைத்தீவு என்பர் அறிஞர். அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரமும் எய்தாதது. அலையின் வேகத்தைத் தணித்து அதனைக் காத்து வந்தவை பவளத்திட்டுகளே. வேறு கல் இன்மையால், மக்கள் பவளக்கல்லையே வெட்டிக் கட்டடம் எழுப்பினர். 1658இல் எழுந்த மாலே வெள்ளிப் பள்ளிவாசல் அதற்குச் சான்று. பண்டைத் தேவை சிறிது. இருபதாம் நூற்றாண்டின் தேவையோ பெரிது. மாலேயில் மக்கள் பெருகவே, திட்டின் மேற்பரப்பும் தூர்க்கப்பட்டு நிலமாயிற்று.

1987 ஏப்ரலில் பேரலைகள் அந்நகருட் புகுந்தன. அவை தொலைகடலில் தோன்றியவை. எனினும், திட்டு இழந்த வலிமையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும் என்பது எம் கருத்து. பின்னர்ச் சப்பானிய உதவியால், நான்கு கால் கொண்ட கான்கிரீட்டுக் கட்டைகளை அடுக்கிக் கடலரண் அமைத்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அவ்வரண் மாலேயைப் பெரிதும் காத்தது. 1997இல் கடலைத் தூர்க்கத் தொடங்கி உருவாக்கிய ஊலுமாலே, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்த்தப்பட்டது. அதற்குரிய மணலும் கடலடியினின்றே அகழப்பட்டது என்பதை ஈண்டுக் குறித்தல் தகும்.

தொலைதீவுகளுக்கோ இவ்வரண் வாய்த்திலது. ஆழிப்பேரலையாற் பாழான கந்தொலுது தீவினர், தம் ஊரை முற்றும் துறந்து, சில ஆண்டுகட்குப் பின் துவாபரு தீவிற் குடியேறினர்.