மூலைப் பெட்டி பிறந்த கதை

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1969-ல் மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் பணம் கொட்டியும் எதிர்பார்த்தது கைக்கு வரவில்லை. அந்தத் திட்டத்தில் உழைத்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சும்மா இருக்கவில்லை. பழைய பிடிபி-7 கணினி ஒன்றில் சின்னதாக ஓர் இயங்குதளத்தைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். அதை வளர்க்கப் பெரிய கணினி தேவைப்பட்டது. சூடு கண்ட பூனையாகிவிட்ட நிர்வாகமோ, இயங்குதளம் என்றாலே கையை விரித்தது. அப்போதுதான் கோரிக்கையின் தலைப்பை மாற்றும் யோசனை பிறந்தது.

‘ஆவணங்களைத் தயாரித்து அச்சிட ஒரு வசதி செய்து தருகிறோம்’ என்று புதிய கோரிக்கை போனது. பணம் வந்தது, பிடிபி-11 கணினியும் வந்தது. ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு தட்டச்சர்கள் அதில் விண்ணப்பங்களைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். இயங்குதளத்துக்கு யூனிக்ஸ் என்ற பெயரும் நிலைத்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது எழுதியவர்களின் மண்டைக்குள் மட்டும் இருந்தால் போதுமா?

போதாது என்று விடாப்பிடியாக நின்றவர் அவர்களின் துறைத் தலைவர் டக் மெக்கில்ராய். விளைவாக, 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பதிவு. அதன் அடியில், அந்தக் கட்டளையில் உள்ள கோளாறுகளை எழுதியவரே ஒப்புக்கொள்ளும் பகுதி. இதைவிட விசித்திரமானது பின்னால் நடந்தது.

யூனிக்ஸ் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. இன்று இருந்த கட்டளை நாளை வேறு மாதிரி நடந்துகொண்டது. மென்பொருளுக்கென்று ‘வெளியீடு’ எதுவும் கிடையாது. எண்ணிட்டு வந்தது கையேடு மட்டும்தான். அதனால் உலகம் கையேட்டின் எண்ணையே மென்பொருளுக்குச் சூட்டியது. 1975-ல் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது ‘ஆறாம் பதிப்பு யூனிக்ஸ்’, 1979-ல் வந்தது ‘ஏழாம் பதிப்பு’. இரண்டும் கையேட்டின் பதிப்பு எண்களே. இந்த ஒழுங்கு நீடித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நீடிக்கவில்லை. மென்பொருள்கள் தமக்கென்று எண் போட்டுக்கொண்டன. கையேடுகள் பின்தங்கின. 1991-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கீடோ வான் ராஸம் வெளியிட்ட பைதான் மொழிக்கும் அந்தச் சங்கடம் நேர்ந்தது. அதன் கையேடு, கணித ஆய்வாளர்கள் கட்டுரை எழுதும் லேடெக்கில் எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்த தன்னார்வலரும் பின்சாய்வுக் கோடுகளையும் அடைப்புகளையும் பார்த்து மிரண்டார். பைதான் வளர்ந்த வேகத்தில் கையேட்டுக்கு ஆள் சேரவில்லை. மாற்று வழி ஜெர்மனியிலிருந்து வந்தது.

கியோர்க் பிராண்டல் என்ற நிரலாளர் அத்தனை லேடெக் கோப்புகளையும் எளிய உரைவடிவத்துக்கு மாற்ற ஒரு நிரல் எழுதினார். அந்த உரையிலிருந்து இணையப் பக்கங்களைக் கட்டியெழுப்ப இன்னொரு கருவியையும் எழுதினார். 2007-ல் பைதான் கையேடு புதிய வடிவத்துக்கு மாறியது. 2008 மார்ச்சில் அந்தக் கருவி ‘ஸ்பிங்க்ஸ்’ என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைத்தது. தலைப்பு, பட்டியல், குறுக்கு இணைப்பு, தேடல் எல்லாம் தானாக அமைந்தன. நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே ஆண்டின் டிசம்பரில் பைதான் 3.0 வந்து இறங்கியது.

அது பழைய பைதானோடு ஒத்துப்போக மறுத்தது. திரையில் ஒரு வரி எழுதும் ‘பிரின்ட்’ கட்டளைக்கே இப்போது அடைப்புக்குறி வேண்டும். பைதான் 2-ல் ஓடிய வரி 3-ல் பிழை காட்டி நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. கையேடு சரியாக இருந்தாலும், அது எந்தப் பதிப்புக்கானது என்று தெரியாவிட்டால் அதுவே ஆளைக் குழியில் தள்ளியது. பெரிய திட்டங்களுக்குச் சர்வரும் ஆட்களும் இருந்ததால் பதிப்புக்கொரு கையேடு வைத்துச் சமாளித்தார்கள். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து மென்பொருள் எழுதியவர் என்ன செய்வார்?

ஸ்பிங்க்ஸை ஓட்டி, விளைந்த கோப்புகளைக் கையால் சர்வருக்கு ஏற்ற வேண்டும். ஒருமுறை மறந்தாலும் கையேடு பழசு. 2010-ல் ஜாங்கோ டேஷ் என்ற போட்டி நடந்தது. 48 மணி நேரத்துக்குள் ஓர் இணையதளத்தை உருவாக்கி முடிக்க வேண்டும். எரிக் ஹோல்ஷர், சார்லஸ் லைஃபர், பாபி கிரேஸ் மூவரும் இந்தத் தலைவலியைக் கையில் எடுத்தார்கள். நிரல் இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும், கையேட்டைக் கட்டி இலவசமாக வெளியிட்டுவிடும் ‘ரீட் த டாக்ஸ்’ அந்த இரண்டு நாளில் உருவானது. போட்டி முடிந்தது. சர்வர் வாடகையை யார் கட்டுவது?

2011 மார்ச்சில் பைதான் மென்பொருள் அறக்கட்டளை ஓராண்டு வாடகைக்காக 840 டாலர் கொடுத்தது. பெரிய தொகை அல்ல, ஆனால் தளம் உயிர் பிழைத்தது. பதிப்புச் சிக்கலும் அங்கே அவிழ்ந்தது. நிரலாளர்கள் ஒவ்வொரு வெளியீட்டின்போதும், நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் 1.0, 2.0 என்று ஓர் அடையாளம் குத்துவது வழக்கம். தளம் அந்தந்த அடையாளத்துக்குப் போய், அன்றைய கோப்புகளை எடுத்து, அந்தப் பதிப்புக்கென்று தனிக் கையேடு கட்டி, தனி முகவரியில் வைத்தது. நிரலும் கையேடும் ஒரே களஞ்சியத்தில் இருந்ததால் இரண்டுக்கும் ஒரே எண் கிடைத்தது. அதற்குள் தேடுபொறி குறுக்கே வந்தது.

பழைய பக்கங்களுக்குத்தான் வெளியிலிருந்து இணைப்புகள் அதிகம். அதனால் தேடியவர்களைத் தேடுபொறிகள் என்றோ காலாவதியான பதிப்பில் கொண்டுபோய் இறக்கின. ஒரே விஷயத்தைச் சொல்லும் பல பக்கங்களில் எது முதன்மையானது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு 2009-லேயே வந்திருந்தது. கையேட்டுத் தளங்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பழைய பக்கங்களின் தலையில் ‘இது பழைய பதிப்பு’ என்ற எச்சரிக்கைப் பட்டையும் ஏறியது. தப்பான பதிப்பில் வந்து இறங்கியவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. சரியான பதிப்புக்குப் போக ஒரு கதவு வேண்டும்.

அந்தக் கதவுதான் மென்பொருள் கையேடுகளின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. ‘லேட்டஸ்ட்’, ‘ஸ்டேபிள்’, அதன்கீழ் வரிசையாகப் பழைய எண்கள். ‘லேட்டஸ்ட்’ என்பது இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிரலுக்கான கையேடு, ‘ஸ்டேபிள்’ என்பது கடைசியாக முறைப்படி வெளியானதற்கு. பைதான் 2-க்கான ஆதரவு 2020-ல் முடிந்துவிட்டது. ஆனாலும் அதன் 2.7 கையேடு பைதான் தளத்தில் இன்றும் திறக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலைப் பழுதுபார்க்க உட்காருபவருக்குத் தேவை புதிய கையேடு அல்ல, அந்த 2.7 தான்.