தஜ்லாவும் புராத்தும் கடல் சேருமிடம்

ஆறு பிறக்குமிடம் மலை. அதன் பெருமை விளங்குமிடம் வயல். அதன் கணக்குத் தீருமிடம் கடல்முகம். ஈராக் நாட்டின் இரு பேராறுகளை அவற்றின் கடல்முகத்தில் நின்று காண்போம்.

மேல்நாட்டார் டைகிரிஸ், யூப்ரடீஸ் என்றழைக்கும் தஜ்லாவும் புராத்தும் துருக்கி நாட்டு மலைகளில் பிறக்கின்றன. புராத் சுமார் 2,800 கிலோமீட்டர் நீளமுடையது. சிரியாவின் வழியே ஈராக்கினுள் நுழைகிறது. தஜ்லா சுமார் 1,900 கிலோமீட்டர். குர்னா என்னுமூரில் இரண்டும் கலந்து ‘ஷத்துல் அரபு’ எனப் பெயர் பெறுகின்றன. அவ்வாறு சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரானிலிருந்து வரும் காரூன் ஆற்றையும் ஏற்றுக்கொண்டு, ஃபாவ் என்னுமிடத்தருகே பாரசீக வளைகுடாவில் விழுகிறது.

இக்கடல்முகம் ஈன்ற நகரமே பஸரா. கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், கி.பி. 638 அளவில், உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அவர்கள் அதனை நிறுவினார்கள். முதலில் அது ஆற்றங்கரையில் அமையவில்லை. இன்றைய ஸுபைர் நகரையடுத்த வறண்ட நிலத்தில் அமைந்தது. நல்ல நீரின்றி மக்கள் படும் துன்பத்தை அஹ்னஃப் இப்னு கைஸ் கலீபாவிடம் முறையிட்டார் என்றும், உடனே கால்வாய் வெட்டுமாறு ஆளுநர் அபூமூஸல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு ஆணை சென்றது என்றும் வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதுகிறார். அந்த நீரை நம்பி வளர்ந்த நகரில்தான் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் போதித்தார்கள். கலீலும் ஸீபவைஹியும் அரபு இலக்கணத்திற்கு வரம்பு கட்டினர்.

பஸராவின் பேரீத்தந் தோப்புகளுக்கு ஏற்றம் இறைப்பாரில்லை. நாள்தோறும் இருமுறை கடல் பொங்கும்போது, ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு வாய்க்கால்களில் ஏறும். மரங்களின் வேரை நனைத்து, கடல் வற்றும்போது வடியும். கி.பி. 1051இல் இங்கு வந்த பாரசீக அறிஞர் நாஸிர் குஸ்ரூ இவ்வோதத்தை வியந்து எழுதினார். உவர்க்கடலே நன்னீர் இறைத்துக் கொடுத்த விந்தை இது! ஆற்றின் விசை குன்றாதிருந்த வரையில் அது நடந்தது.

அவ்விசை குன்றிற்று. 1970களிலிருந்து துருக்கியிலும் சிரியாவிலும் பேரணைகள் எழுந்தன. 1990இல் புராத்தின் குறுக்கே அத்தாதுர்க் அணை நிரம்பத் தொடங்கியது. ஈரானில் காரூன் நீரும் தேக்கப்பட்டது. ஈராக்கினுள்ளேயே கழிவுநீர் ஆற்றில் கலந்தது. 1980 முதல் 1988 வரை நடந்த போர் கரையோரத் தோப்புகளை அழித்தது. முன்னர் நன்னீரை ஏற்றிய அதே ஓதம் இப்போது உப்பை ஏற்றுகிறது. 2018ஆம் ஆண்டுக் கோடையில் மாசும் உப்பும் கலந்த நீரால் பஸராவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று மருத்துவமனைகளை நாடினர்.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பை ஃபிக்ஹு பயின்றோர் அறிவர். மேல்நிலத்தார் கணுக்காலளவு நீரைத் தேக்கிக் கொள்ளலாம். பின்னர் கீழ்நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும். சிற்றோடைக்குச் சொன்ன அந்நீதி பேராற்றுக்கும் பொருந்தும். அன்று பஸராவின் முறையீட்டைக் கேட்க ஒரு கலீபா இருந்தார். இன்று அம்முறையீடு பல நாட்டு எல்லைகளைக் கடந்து மலையேற வேண்டியிருக்கிறது. கீழ்நிலத்தாரின் தாகத்திற்கு மேல்நிலத்தார் பொறுப்பேற்கும் நாளில்தான் தஜ்லாவும் புராத்தும் மீண்டும் நன்னீராய்க் கடல் சேரும்.