பாரவண்டி முதல் ஆர்.வி. வரை: ஏரிக்கரையில் ஒரு ராத்திரி

மிச்சிகனில் பனி உருகி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்ற நிலை வந்ததுமே நம் மக்களிடமிருந்து ஒரு கேள்வி வர ஆரம்பித்துவிடும். "சார், இந்த சம்மருக்கு லேக் பக்கத்துல டென்ட் போடற மாதிரி நல்ல கேம்ப்கிரவுண்ட் எது? ஆர்.வி. வாடகைக்கு எடுத்தா எங்க போலாம்?" பேங்கில் லோன் பேப்பர் பார்க்கிறவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், பத்து வருஷமாகக் கூடாரத்தோடு அலைந்து நான் அடிபட்ட கதை கோவில் பிரசாத வரிசை வரை பரவியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம் கலந்திருக்கும். பி.காம். படித்தவன் எழுதும் சரித்திரம் என்பதால் இடையிடையே கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அடிபட்ட கதை.

எங்கள் முதல் கேம்பிங் அது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஏரியின் பெயர் வேண்டாம். தப்பு ஏரியுடையது இல்லை, என்னுடையதுதான். மேப்பைப் பார்த்து, தண்ணீருக்கு எந்த இடம் மிக மிகப் பக்கமோ அதையே தேடிப் பிடித்து மாசக்கணக்கில் முன்னாடியே புக் செய்திருந்தேன். போய் இறங்கினால் காலை நீட்டினால் தண்ணீர்! தங்கமணி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். (எனக்கும்தான், ஏதோ சாதித்த மாதிரி.) அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் ஒரு நடை போய்விட்டு வந்தார்.

"எடே, இது வண்டி அவுக்குத எடமாடே?"

"என்ன வண்டிப்பா? நம்ம வண்டி அங்க பார்க்கிங்ல நிக்குதே."

"அதில்லடே. இங்க பாரு, சண்டும் சருகும் எங்க ஒதுங்கிக் கிடக்குன்னு. தண்ணி அதுவரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு."

பார்த்தேன். எங்கள் கூடாரத்துக்குப் பின்னால், நாலடி தள்ளி, புல்லில் ஒரு கோடு மாதிரி காய்ந்த கோரையும் குச்சியும் கிடந்தது. "அதெல்லாம் ஸ்பிரிங்ல வந்திருக்கும்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டேன்.

மழை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிடித்தது. மூன்று மணிக்கு என் மகளின் ஷூ ஒன்று கூடாரத்துக்குள்ளேயே மிதந்தது. விடியும்வரை ஐந்து பேரும் மினிவேனில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய கதை ஒன்று சொன்னார். கடைத்தெருவில் வளர்ந்த அவருக்கு ஏரிக்கரை விஷயம் எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாலைக் கடைத்தெருவுக்கு அரிசி வந்த வழி

எங்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஆரியசாலை. தெரியாதவர்களுக்கு: கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் ஆரியசாலை வரும். மலையாள நாட்டின் தலைநகர்தான். ஆனால் அந்தத் தெருவில் தமிழிலேயே பிறந்து, தமிழிலேயே படித்து, தமிழிலேயே கடனைத் திருப்பிக் கேட்டு ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

இந்தக் கடைத்தெருவை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். தர்மராஜா என்கிற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1795ல் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். தலைநகர் என்றால் அரண்மனை, பட்டாளம், கோவில், கச்சேரி. எல்லாருக்கும் சோறு வேண்டுமே? நெல் விளைந்தது தெற்கே நாஞ்சில் நாட்டில். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேரும்வரை அதுதான் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ரயில் ஓட ஆரம்பித்தது 1979ல்தான். லாரி வரும்வரைக்கும் அரிசி மாட்டு வண்டியில்தான் வந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை, பிறகு ஆரியசாலை. சுமார் 65 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். உச்சி வெயிலில் மாடு இழுக்காது. ஆக வழியில் எங்கேயாவது வண்டியை அவிழ்த்துத் தங்கியே ஆக வேண்டும். ஒரு ராத்திரி நிச்சயம், மழைக்காலமானால் இரண்டு.

அப்பாவின் தாத்தாவுக்கு அரிசிக் கடை. வண்டியோடு அவரே போய் வருவாராம். எங்கே அவிழ்ப்பது என்பதில் அவருக்குச் சில சட்டங்கள். மாடு குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் வேண்டும். ஆனால் வண்டி தண்ணீர் ஓரத்தில் நிற்கக் கூடாது. சண்டு ஒதுங்கிய கோட்டுக்கு மேலே, கொஞ்சம் மேட்டில் நிற்க வேண்டும். ஈர மண்ணில் ராத்திரி சக்கரம் இறங்கினால் காலையில் மூட்டையை இறக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது. தென்னைக்கு அடியில் கூடாது, தேங்காய் தூங்குகிறவன் தலையைப் பார்த்து விழாது. பழைய அடுப்புக் கல்லும் சாம்பலும் கிடந்தால் நல்ல இடம், நமக்கு முன்னால் வந்தவர்கள் பத்திரமாகத் தங்கிப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வழியம்பலங்கள் இருந்தன. நாலு தூணும் கூரையும், பக்கத்தில் கிணறு, தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கிக் கல். யோசித்துப் பார்த்தால் இன்றைய கேம்ப்கிரவுண்டில் இருக்கிற எல்லாமே அங்கே உண்டு, வெந்நீர் ஷவர் தவிர!

இந்தப் பக்கம் என்ன நடந்தது?

நாங்கள் இருக்கிற டெட்ராய்ட் பக்கம்தான் ஃபோர்டு 1908ல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். கார் வந்ததும் அமெரிக்காக்காரர் செய்த முதல் வேலை, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியது. ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. எடிசன், டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன், எழுத்தாளர் ஜான் பர்ரோஸ் ஆகியோருடன் 1915க்கும் 1924க்கும் இடையே பல தடவை காட்டுக்குக் கிளம்பிவிடுவார். நம்மை மாதிரி ரவா உப்புமா கிண்டிக்கொண்டல்ல, சமையல்காரர்களும் சமையலறை வண்டியும் பின்னாலேயே வரும். 1921ல் ஜனாதிபதி ஹார்டிங் கூட ஒரு பயணத்தில் சேர்ந்துகொண்டார்.

வண்டியிலேயே வீடு என்ற யோசனையும் அப்போதே வந்துவிட்டது. பியர்ஸ்-ஆரோ கம்பெனி 1910ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த காரில் பின் சீட் படுக்கையாக விரியும். 1936ல் ஏர்ஸ்ட்ரீமின் அலுமினியக் கூண்டு நாலு பேர் படுக்கிற மாதிரி வந்தது. வின்னபேகோ 1966ல் மோட்டார் ஹோம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக்கும் ஆர்.வி. எட்டியது.

இத்தனை வண்டிகளும் எங்கே அவிழ்ப்பது? மிச்சிகன் சட்டசபை 1917ல் கிரீன் லேக், டக் லேக் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே, மரவியாபாரிகள் வெட்டாமல் விட்டிருந்த பழைய பைன் மரங்களோடு ஓர் இடத்தைப் பூங்காவாக்கியது. அதுதான் இன்டர்லாக்கன் ஸ்டேட் பார்க். இன்றும் அங்கே இரண்டு ஏரிக்கரையிலும் கேம்பிங் உண்டு.

ஆரம்பத்தில் யாரும் எங்கும் காரை நிறுத்தலாம் என்று விட்டிருந்தார்கள். அதன் விலையைக் கண்டுபிடித்தவர் எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோய் நிபுணர். மரங்களுக்கு நோய் எதுவும் இல்லை, ஆனால் செத்துக்கொண்டிருந்தன. கார் சக்கரமும் மனிதக் காலும் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கியதில் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகவில்லை. நிழலுக்காக வந்தவர்களே நிழலைக் கொன்றுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1932ல் அவர் ஒரு திட்டம் எழுதினார்: ஒருவழியாக வளைந்து வரும் சாலை, அதிலிருந்து பிரியும் சின்னச் சின்ன நிறுத்தங்கள், கார் தாண்டாமல் தடுக்கப் பாறையோ மரக்கட்டையோ, அசைக்க முடியாத மேஜை, ஒரே இடத்தில் அடுப்பு. 1933ல் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசாங்கம் ஆரம்பித்த சி.சி.சி. படை நாடு முழுக்க இதே மாதிரிக் கட்டிக்கொடுத்தது. இன்று நீங்கள் காரைப் பின்பக்கமாக ஓட்டி உங்கள் நம்பர் போட்ட இடத்தில் நுழைக்கும்போது மைனெக்கேயின் கோட்டுக்குள்தான் நிற்கிறீர்கள்.

சரி, எதைப் பார்த்து எடுப்பது?

டென்ட் போடுகிறவர்களுக்கு: ஏரியை ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். ஐம்பது, நூறு அடி தள்ளி, லேசான மேட்டில் கிடைத்தால் எடுங்கள். போய் இறங்கியதும் முதலில் சண்டு ஒதுங்கிய கோடு எங்கே என்று பாருங்கள். அண்ணாந்து பார்த்துக் காய்ந்த கிளை தலைக்கு மேல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள் (இந்த ஊர்த் தேங்காய் அதுதான்). சேறும் கோரையுமான கரையில் கொசு மொய்க்கும், மணல் கரையில் குறைவு. சின்னக் குழந்தைகள் இருந்தால் தண்ணீருக்கும் கூடாரத்துக்கும் நடுவில் தூரம் இருப்பதே நிம்மதி.

ஆர்.வி.காரர்களுக்கு ஏரி தெரிவதைவிடத் தரை சமமாக இருப்பது முக்கியம். புக் செய்யும்போது நிறுத்தத்தின் நீளம், கரண்ட் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, கழிவுநீர் கொட்டும் இடம் உள்ளே இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளில் ஆறு மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடும். ஏரிக்கரை வார இறுதிகள் சுடச்சுடத் தீர்ந்துவிடும். வியாழன் போய் சனி திரும்ப முடிந்தால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம்.

மினிவேனில் கேட்ட கேள்வி

அந்த மழை ராத்திரிக்குத் திரும்புகிறேன். அப்பா வழியம்பலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. "தாத்தா, அந்த வண்டி டிரைவர் எங்க தூங்குவாங்க?"

"வண்டிக்கு அடியில மக்களே. சாக்கை விரிச்சு."

"ஏன்? உள்ள இடம் இல்லையா?"

அப்பா கொஞ்ச நேரம் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடம் இருந்துச்சு. அவன அங்க ஏத்த மாட்டாவ. கிணத்துலயும் தண்ணி எடுக்கப்படாது. தாத்தா மொண்டு ஊத்துவாவ."

அந்தக் காலத்தில் எங்கே தங்குவது என்பது மேடு பள்ளம் பார்த்து மட்டும் முடிவாகவில்லை. வெள்ளாயணிக் காயல் பக்கத்தில் வெங்ஙானூர் என்று ஓர் ஊர். 1863ல் அங்கே பிறந்த அய்யன்காளி, 1893ல் ஒரு வில்வண்டி வாங்கி, தம் ஜாதிக்காரர்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பொதுச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனார். 1898ல் பாலராமபுரம் சாலியர் தெருவில் அவருடைய ஆட்கள் நடந்து வந்ததற்கே கலவரம் மூண்டது. எங்கள் அரிசி வந்த அதே பாலராமபுரம். சாலையில் போவதற்கே இந்தப் பாடு என்றால், இரவு தங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவும் யோக்கியமில்லை. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கென்று 1939ல் லூயிஸ் மவுன்டன் என்ற தனி இடம் ஒதுக்கினார்கள். 1950 வாக்கில்தான் அந்தப் பிரிவினை முழுசாகப் போனது. நம் மிச்சிகனிலேயே ஐடில்வைல்ட் என்ற ஏரிக்கரை ஊர் உண்டு. மற்ற ஏரிக்கரைகளில் தங்க இடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு 1912 முதல் அங்கே மனை விற்றார்கள். மனை 35 டாலர், முன்பணம் 6 டாலர், மாசம் 1 டாலர். (லோன் ஆபீசர் புத்தி, தவணையைத்தான் முதலில் பார்த்தேன்.) லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து பாடிய ஊர். 1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து எல்லா ஏரிக்கரையும் திறந்தபின் மக்கள் வேறு இடங்களுக்கும் போக ஆரம்பித்தார்கள், ஊர் மெல்ல அடங்கியது. இப்போது அந்த வழியாக வடக்கே போனால் நாங்கள் ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போவது.

அப்பா இப்போது இல்லை. அவர் காரியத்துக்குப் போனபோது ஆரியசாலை வீட்டுப் பரணில் பெரிய தாத்தாவின் பேரேடு கிடைத்தது. தொழில் பழக்கம், விடாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். பருத்திக்கொட்டை வாங்கிய கணக்கு இருக்கிறது. லாடம் அடித்த கூலி இருக்கிறது. மாட்டின் நிறம்கூட எழுதியிருக்கிறது. வண்டி ஓட்டியவருக்கு நேரே "வண்டிக்காரன்" என்று மட்டும் இருக்கிறது. பெயர் எங்குமே இல்லை. சண்டுக் கோட்டைப் பார்க்கிற வித்தையை என் தாத்தாவின் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அநேகமாக அவராகத்தான் இருக்க வேண்டும். மாட்டோடும் மண்ணோடும் தரையில் படுத்தவர் அவர்தானே.

இந்த ஜூலைக்கு புக் செய்தாயிற்று. இடத்தை என் மகள்தான் தேர்ந்தெடுத்தாள். ஏரியிலிருந்து மூன்றாவது வரிசை. தங்கமணிக்கு லேசான வருத்தம், தண்ணீர் அவ்வளவாகத் தெரியாதாம். பரவாயில்லை, நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கொசுறு: வீட்டிலிருந்து விறகு எடுத்துப் போகாதீர்கள். ஆஷ் மரங்களைத் தின்று தீர்க்கும் மரகதப் பச்சை வண்டு 2002ல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர் ஊராகப் பரவியதில் விறகுக் கட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கேயே நாலு டாலர் அதிகம் கொடுத்து வாங்குங்கள், கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.