இங்கிலாந்துப் பள்ளி உணவில் தனியார் ஒப்பந்தம்

இங்கிலாந்துப் பள்ளிகளின் மதிய உணவு, துப்புரவு, மைதானப் பராமரிப்பு ஆகிய துணைப் பணிகள் 1980களின் இறுதியிலிருந்து பெருமளவில் தனியார் கைக்குப் போயின. இவற்றுள் பிள்ளைகளின் உடலோடு நேரே தொடர்புடையது உணவு.

பள்ளியில் உணவளிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு 1906இல் சட்டம் அனுமதி தந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதைக் கடமையாக்கியது. தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்தக் கடமையை இலவச உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டது. ஊட்டச்சத்து விதிகளையும் நீக்கியது. பிறகு 1988இல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி, மன்றங்களின் சொந்தச் சமையல் பிரிவுகளும் தனியாரோடு டெண்டரில் போட்டியிட வேண்டியதாயிற்று. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்ற விதி முன்பே போய்விட்டதால், போட்டி விலையைச் சுற்றியே நடந்தது. பின்னாளில் எழுந்த பழியை ஒப்பந்தக்காரர்கள் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. விதியை முதலில் எடுத்தது நாடாளுமன்றம்.

விலைக் குறைப்பின் சுமை சமையல்காரப் பெண்கள் தலையில் விழுந்தது. வடக்கு யார்க்‌ஷயர் மன்றம் டெண்டரைத் தக்கவைக்க அவர்களின் கூலியைக் குறைத்தது. வேலை மதிப்பீட்டில் அவர்களுக்குச் சமமென ஒப்புக்கொள்ளப்பட்ட தோட்டப் பணியாளர், குப்பை அள்ளுவோர் முதலிய ஆண்களின் கூலி குறையவில்லை. தனியார் நிறுவனம் பெண்களுக்குக் குறைவாகக் கொடுப்பதால் தானும் அப்படிச் செய்ய நேர்ந்தது என்றது மன்றம். பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1995இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை, பெண்கள் வென்றார்கள். ஆனால் பிள்ளையின் தட்டுக்காக வழக்காட அப்போது சட்டத்தில் பிடிமானமே இல்லை.

கட்டாய டெண்டர் முறை 2000இல் முடிந்தது. மறு ஆண்டு குறைந்தபட்ச ஊட்டச்சத்து விதிகள் திரும்பின. சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் 2005இல் தம் தொலைக்காட்சித் தொடரில், ஒரு பிள்ளையின் உணவுப் பொருள்களுக்கு 37 பென்ஸே செலவிடப்படுவதைக் காட்டினார். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது; அடுத்த ஆண்டே கடுமையான விதிகள் வந்தன. தனியார் நிறுவனங்கள் இன்றும் பள்ளிகளில் சமைக்கின்றன, ஆனால் ஊட்டச்சத்து விதிகளின் வரம்புக்குள்.

தரத்துக்கு விதி வந்துவிட்டது. தொடர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை. பள்ளிகளுக்கு உணவும் துப்புரவும் வழங்கிவந்த கரில்லியன் நிறுவனம் 2018 ஜனவரியில் திவாலானபோது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுசேர்க்க ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மன்றம் தன் தீயணைப்பு வீரர்களைத் தயார்நிலையில் நிறுத்தியது.