கண்ணுக்குத் தெரியாத நூல்

காற்றாடியின் நூல் அறுந்தால் காற்றாடி நம் வசத்தில் இல்லை. மாதிரி விமானத்துக்கும் ஒரு நூல் உண்டு. அதுதான் வானொலி அலை. அந்த நூல் அறுபடாமல் காக்க மனிதன் எடுத்துக்கொண்ட முயற்சிகளே வானொலிக் கட்டுப்பாட்டின் வரலாறு.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர் வழியே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை அலைகளைக் கொண்டே ஓட்டிக் காட்டினார். 1930-களின் இறுதியில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டையர் தம் மாதிரி விமானத்தை இவ்வாறே பறக்கவிட்டனர்.

ஆனால் ஒரு தொல்லை தொடர்ந்தது. 27 மெகா ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் இயங்கிய பழைய கருவிகளில், இருவர் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தினால் விமானம் யாருக்கும் கட்டுப்படாமல் விழும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. ஒவ்வொரு பரப்பிக்கும் தனிக் குறியீடு உண்டு. அதற்குரிய ஏற்பி அதற்கு மட்டுமே பணியும். பல கருவிகள் நொடிக்குப் பலமுறை அதிர்வெண்ணையும் மாற்றிக்கொள்கின்றன. இந்தியாவில் இப்பட்டையின் குறைந்த திறன் கருவிகளுக்கு 2005-இல் உரிம விலக்கும் கிடைத்தது.

அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. 27 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர், 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைக்கோ வெறும் 12.5 சென்டிமீட்டர். நீண்ட அலை தடைகளைச் சுற்றி ஓரளவு வளைந்து செல்லும். குற்றலை ஒளியைப் போல நிழல் விழச் செய்யும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை அடுக்கிய இரும்புக் கன்டெய்னர்களையும் கிரேன்களையும் எண்ணிப் பாருங்கள். அவற்றின் பின்னே விமானம் சென்றால் நூல் அறுந்ததாகவே கொள்ளலாம்.

2 கிலோ எடையுள்ள விமானம் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் இயக்க ஆற்றல் 400 ஜூல். அதே எடையுள்ள கல் 20 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்கு இது சமம்!

எனவே கருவி வாங்கும்போது, அலை தடைப்பட்டால் எஞ்சினைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். பறக்கவிடுமுன் மின்கலங்களைச் சோதியுங்கள். பரப்பியின் திறனைக் குறைத்து வைத்து, தள்ளி நின்று தொடர்பைச் சரிபாருங்கள். முதலில் பரப்பியை இயக்கி, பிறகே ஏற்பியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி மாதிரி விமானம் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. துறைமுகமும் அனல் மின் நிலையமும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் நெருங்கிய வடசென்னையில் வாழும் நீங்கள், அரசின் வான்வெளி வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளியைத் தேடிச் செல்லுங்கள்.